பம்ப் எஞ்சினுக்கு ஸ்பீடுயீனோ பூட்டுவது: எதற்குப் பிறகு எது

யாழ்ப்பாணத்தில் தோட்டக் கிணற்றடிகளில் காண்கிற 196 சீசீ, காற்றால் குளிர்கிற, நாலு ஸ்ட்ரோக் பெற்றோல் எஞ்சின் ஒன்றைக் காபரேற்றரிலிருந்து எடுத்து, தீப்பொறியையும் எரிபொருளையும் ஒரு கொன்ட்ரோலர் கையில் கொடுத்து, பரிசோதனைக்கு ஓட வைக்கிற ஒழுங்கு இது. கொன்ட்ரோலர் ஸ்பீடுயீனோ: ஆர்டுயினோ மெகா 2560 போர்டில் ஓடுவது, திறந்த மூலம், லப்டொப்பில் ரியூனர்ஸ்ரூடியோ வைத்து ரியூன் பண்ணலாம்.

ப்ரொஜெக்ற் செய்கிற பெடியள் இடறுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். இன்ஜெக்ரரையும் எரிபொருள் அட்டவணையையும் முதல் நாளே தொட்டுவிடுகிறார்கள், அப்புறம் எஞ்சின் பிடிக்காதபோது பிழை வயரிலா, சென்சரிலா, ரைமிங்கிலா, பெற்றோலிலா என்று ஒருவருக்கும் தெரியாது. தீப்பொறி சரியான பாகையில் விழுகிறதைக் கண்ணால் பார்க்கும் வரை காபரேற்றரைக் கழற்றாதீர்கள். கீழே உள்ள ஒழுங்கு முழுவதும் இதற்காகத்தான்.

1. முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

பம்போடு ஒரே தண்டில் வருகிற எஞ்சின் வேண்டாம், தண்டு வெறுமையாக வெளியே நிற்கிற எஞ்சின் எடுங்கள். பல்லுச் சில்லுக்கும் பெல்ற் கப்பிக்கும் அந்தத் தண்டில்தான் இடம். எப்ஐ (காபரேற்றருக்குப் பதிலாக இன்ஜெக்ரர் பெற்றோல் விசிறுகிற) மோட்டர் சைக்கிள் ஒன்றின் திரொட்டில் பொடியும் இன்ஜெக்ரரும் பெற்றோல் பம்பும், இக்னைற்றர் (கொயிலின் மின்னைத் திறந்து வெட்டுகிற பகுதி) உள்ளேயே இருக்கிற கொயில் ஒன்று, பல் உணர்கிற ஹோல் சென்சர் (கிராங்க் சென்சர் என்பதும் இதுதான்), இரண்டு வெப்பநிலை சென்சர், புகையிலிருந்து காற்று-பெற்றோல் விகிதத்தைச் சொல்கிற வைட்பாண்ட் ஒட்சிசன் சென்சரும் அதன் கொன்ட்ரோலரும், ரைமிங் லைற், மல்ரிமீற்றர், நல்ல 12 வோல்ற் பற்றரி, பற்றரிக்குத் தனியாக ஒரு சார்ஜர்.

பணம் குறைவென்றால் வேறு எதிலாவது மிச்சம் பிடியுங்கள். வைட்பாண்ட் இல்லாமல் ரியூன் பண்ணப் போவது வீண் வேலை, பிளக்கின் நிறத்தைப் பார்த்து அட்டவணை நிரப்ப முடியாது.

2. எஞ்சின் இருக்கிறபடி ஓட வேண்டும்

பழைய காபரேற்றரோடும் பழைய கொயிலோடும் எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். அமுக்கம் நன்றாக இருக்கிறதா, வால்வு இடைவெளி சரியா, புகைக்கிறதா, சூடானபின் கயிறு இழுத்ததும் பிடிக்கிறதா. களைத்துப்போன எஞ்சினில் கொன்ட்ரோலரைப் பூட்டினால் வால்வு கசிவதை விஇ அட்டவணையில் (எஞ்சின் எவ்வளவு காற்றை உறிஞ்சும் என்று சொல்கிற எரிபொருள் அட்டவணை) தேடிக்கொண்டிருப்பீர்கள்.

3. நிற்பாட்டும் வழியும் காற்றும்

சிவப்புத் தலை உள்ள ஒரு அவசர சுவிட்ச், எஞ்சினிலிருந்து எட்டி நின்று அடிக்கக்கூடிய இடத்தில். அது மெயின் றிலேயை வெட்ட வேண்டும், அதாவது கொயிலும் பெற்றோல் பம்பும் ஒரே நேரத்தில் சாக வேண்டும். தீப்பொறியை மட்டும் வெட்டினால் உடைந்த குழாயில் பெற்றோல் அடித்துக்கொண்டே இருக்கும். பம்பை மட்டும் வெட்டினால் குழாயில் தேங்கிய அமுக்கத்தில் எஞ்சின் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும்.

கதவு திறந்திருக்கிற கொட்டில் போதும் என்று நினைக்க வேண்டாம். காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. புகைக்குழாயை வெளியே கொண்டுபோங்கள், மழைக்காலத்திலும் அப்படித்தான். பெற்றோல் தீக்கு ஏற்ற உலர் பவுடர் அணைப்பான் ஒன்று கைக்கெட்ட இருக்கட்டும், தண்ணீர் வாளி இதற்கு உதவாது. சுற்றுகிற எல்லாவற்றுக்கும் தகரத்தில் ஒரு மறைப்பு.

4. பல்லுச் சில்லும் கிராங்க் சென்சரும்

கொன்ட்ரோலருக்கு எஞ்சினைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இந்தச் சில்லு சொல்வதுதான், இங்கே செலவழிக்கிற நேரம் பிறகு பல மடங்காகத் திரும்பி வரும். 36 பல்லில் ஒன்று குறைந்த சில்லு, 120 மில்லிமீற்றர் விட்டம், 3 அல்லது 4 மில்லிமீற்றர் தடிப்பில் சாதாரண இரும்பு. அலுமினியமோ எவர்சில்வரோ வேண்டாம், சென்சருக்குக் காந்தம் பிடிக்கிற உலோகம் தேவை. லேத் கடையில் வெட்டக் கொடுக்கும்போது நடு ஓட்டையையும் வெளிவட்டத்தையும் ஒரே பிடியில் கடையச் சொல்லுங்கள். பிடியை மாற்றினால் சில்லு முட்டை வடிவில் ஓடும், ஒரு பக்கத்தில் சென்சர் இடைவெளி கூடும், மற்றப் பக்கத்தில் உரசும். இடைவெளி ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்.

சில்லை பிளைவீல் பக்கம் பூட்டாதீர்கள். பழைய கொயிலுக்காக பிளைவீலில் காந்தம் ஒட்டியிருக்கிறது, அது ஒவ்வொரு சுற்றிலும் ஹோல் சென்சரைக் குழப்பும்.

அடுத்தது, குறைந்த பல் எங்கே நிற்க வேண்டும் என்பது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் கயிற்றில் சுற்றும்போது சீராகச் சுற்றாது. அமுக்கம் ஏறும்போது வேகம் விழும், உச்சி தாண்டியதும் பாயும். கொன்ட்ரோலர் குறைந்த பல்லைக் கண்டுபிடிப்பது இரண்டு பல்லுக்கு இடையில் செல்கிற நேரத்தை வைத்துத்தான், ஆகவே வேகம் விழுகிற இடத்தில் சாதாரண இடைவெளிகூடக் குறைந்த பல் மாதிரித் தெரியும். அதனால் பிஸ்ரன் உச்சிக்கு 90 முதல் 120 பாகை முன்னால், அமைதியாகச் சுற்றுகிற இடத்தில், அந்த இடைவெளி சென்சரைக் கடக்கும்படி பூட்டுங்கள்.

5. பிஸ்ரன் உச்சியைக் கண்டுபிடித்தல்

பிளக் ஓட்டையில் ஒரு ஸ்குரூ டிரைவரை விட்டு, அது ஏறி நிற்கிற இடத்தில் கோடு போடுவதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். பிஸ்ரன் உச்சியில் பல பாகைக்கு அசையாத மாதிரியே நிற்கும், ஆகவே அந்தக் கோடு நம்பத்தக்கதல்ல.

பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, உள்ளே ஒரு போல்ற்றைப் பூட்டித் தடுப்பு ஒன்று செய்யுங்கள். அதைப் பிளக் ஓட்டையில் போட்டு, எஞ்சினைக் கையால் ஒரு பக்கம் மெல்லச் சுற்றுங்கள், பிஸ்ரன் முட்டி நிற்கும், எஞ்சின் உடலில் அசையாத ஒரு குறிக்கு நேரே சில்லில் கோடு போடுங்கள். மற்றப் பக்கம் சுற்றுங்கள், மறுபடி முட்டும், இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரி நடுதான் உச்சி, இனி அதை டிடிசி என்றே சொல்கிறேன். 36 பல்லுச் சில்லில் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல் 10 பாகை, 120 மில்லிமீற்றர் விட்டத்தில் ஒரு பாகை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். ஆகவே பாகைமானி தேவையில்லை. டிடிசிக்கு வெள்ளை, அதற்கு 10 பாகை முன்னால் சிவப்பு என்று நெயில் பொலிஷ் பூசினால் போதும்.

6. வயரிங்

கோளாறில் பெரும்பங்கு பூமி வயரில். கொயில், இன்ஜெக்ரர், பம்ப் இவற்றின் பூமி எல்லாம் எஞ்சின் உடலில் ஒரே போல்ற்றுக்கு வரட்டும், அங்கிருந்து தடித்த வயரில் பற்றரியின் மறை முனைக்கு. சென்சர்களின் பூமி அந்தப் போல்ற்றுக்குப் போகவே கூடாது, நேரே போர்டில் அதற்கென்று இருக்கிற முனைக்குப் போக வேண்டும். கொயிலின் அம்பியர் செல்கிற வயரில் வோல்ற் கொஞ்சம் ஏறி இறங்கும், சென்சரும் அதே வயரில் இருந்தால் ஒவ்வொரு தீப்பொறிக்கும் திரையில் வெப்பநிலை துள்ளும்.

கிராங்க் சென்சர் வயர் உறை போட்டதாக இருக்கட்டும், உறையைப் போர்டுப் பக்கம் மட்டும் பூமிக்குக் கொடுங்கள், இரண்டு பக்கமும் கொடுத்தால் உறையிலேயே மின் ஓடும். ஹோல் சென்சரின் சிக்னலை 5 வோல்ற்றுக்கு மேலே இழுக்கிற தடை வேண்டும். 12 வோல்ற்றுக்கு இழுத்தால் ஆர்டுயினோவின் அந்தக் கால் எரிந்துவிடும். போர்டில் உள்ள ஜம்பர்களும் ஹோல் சென்சருக்கு உரிய பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தடை உள்ள பிளக்கையே போடுங்கள், சாதாரண செப்புப் பிளக் வயர் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது லப்டொப் தொடர்பு அடிக்கடி அறுகிறதென்றால் யூஎஸ்பி வயரைக் குறை சொல்லுமுன் இதைப் பாருங்கள். லப்டொப்பும் தன் பற்றரியில் ஓடட்டும்.

இங்கே உப்புக் காற்று வேறு. முறுக்கி ரேப் சுற்றின மூட்டு ஒரு மழைக்காலம் தாண்டாது, உள்ளே பச்சை பூத்துவிடும். ஒவ்வொரு முனையையும் கிரிம்ப் பண்ணிச் சூட்டில் சுருங்குகிற குழாய் போட்டு மூடுங்கள்.

7. எஞ்சின் இல்லாமல் மேசையில்

போர்டில் மென்பொருளை ஏற்றும்போது கொயிலும் இன்ஜெக்ரரும் கழற்றி இருக்க வேண்டும், அந்த நேரத்தில் கால்கள் எந்த நிலையில் நிற்கும் என்று உறுதியில்லை. பிறகு இன்னொரு ஆர்டுயினோவில் ஆர்டுஸ்ரிம் ஏற்றி, பல்லுச் சில்லு மாதிரிச் சிக்னல் கொடுத்து, திரையில் சுற்று வேகம் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

இங்கே ஒரு அமைப்பு கொயிலையே கொல்லும்: தீப்பொறி சிக்னல் விழும்போது வருவதா, ஏறும்போது வருவதா என்பது. இக்னைற்றர் உள்ள கொயில்களில் பெரும்பாலானவற்றுக்கு விழும்போது. தலைகீழாகப் போட்டால் கொயில் எந்நேரமும் மின் குடித்துக்கொண்டு நிற்கும். சாவியைப் போட்டு எஞ்சினைச் சுற்றாமல் கொஞ்ச நேரம் விட்டுக் கொயிலைத் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடுகூட இருக்கக் கூடாது. கொயில் நிரம்புகிற நேரத்தை 3 மில்லிசெக்கனில் தொடங்குங்கள்.

8. சென்சர்களைச் சரிபார்த்தல்

அமுக்க சென்சருக்கு யாழ்ப்பாணம் நல்ல இடம், கடல்மட்டம்தான். எஞ்சின் நிற்கும்போது திரையில் ஏறத்தாழ 101 கிலோபஸ்கால் காட்ட வேண்டும். 90 காட்டினால் சென்சர் வகையைப் பிழையாகத் தெரிவு செய்திருக்கிறீர்கள்.

வெப்பநிலை சென்சரின் தடையை மூன்று சூட்டில் அளந்து பாருங்கள்: ஐஸ் தண்ணீர், அறைச்சூடு, கொதிதண்ணீர். பரவலாகக் கிடைக்கிற பொஷ் வகையில் 20 பாகையில் 2500 ஓம், நம்முடைய 30 பாகையில் 1700 ஓம் அளவு, 100 பாகையில் 190 ஓமுக்குக் கிட்ட. கடைக்காரர் சொன்ன வகை சரியா என்று இதிலேயே தெரிந்துவிடும். இந்த எஞ்சினில் தண்ணீர் இல்லை, ஆகவே சென்சரை எங்கே பூட்டுவது என்று கேட்பார்கள். சிலிண்டர் தலையில் வேண்டாம், அந்தச் சூட்டை இவ்வகை தாங்காது, எண்ணெய் இருக்கிற அடிப்பெட்டியில் பூட்டுங்கள். காற்று சென்சர் தலையிலிருந்து விலகி, காற்று வடி பக்கமாக.

திரொட்டிலை முழுக்க மூடியும் முழுக்கத் திறந்தும் பதிவு செய்யுங்கள். எரிபொருள் கணக்குக்கு முதலில் திரொட்டில் நிலையையே எடுங்கள். ஒற்றைச் சிலிண்டரில் உறிஞ்சுகுழாய் அமுக்கம் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் விழுந்து எழும்பும், அதை அடக்கிப் படிப்பதற்குத் தனி வேலை இருக்கிறது, அதைப் பிறகு பார்க்கலாம்.

9. காபரேற்றரோடு, தீப்பொறி மட்டும்

முழு வழிகாட்டியிலும் இந்தப் படிதான் முக்கியம், தாண்டிப் போகிறவர்கள்தான் திரும்பி வருகிறார்கள்.

பழைய கொயிலைக் கழற்றி விடுங்கள், பெற்றோல் தொட்டித் திறப்பைப் பூட்டுங்கள், காபரேற்றர் கிண்ணத்தை வடியுங்கள். பிளக்கைக் கழற்றிப் புதுக் கொயிலில் செருகி, ஓட்டையிலிருந்து விலக்கி எஞ்சின் உடலில் நன்றாகப் பூமிபட வையுங்கள். ஓட்டைக்குக் கிட்ட வைத்தால் உள்ளிருந்து வருகிற ஆவி பற்றும். கயிறு இழுக்கிற மூடியைக் கழற்றி, பிளைவீல் நட்டில் சொக்கெற் போட்டு, பற்றரி ட்ரில்லால் வலப்பக்கமாகச் சுற்றுங்கள். அந்தப் பக்கம் நின்று பார்க்கும்போது எஞ்சின் ஓடுவதும் வலப்பக்கமாகத்தான், நட்டும் இளகாது.

ரியூனர்ஸ்ரூடியோவில் ரைமிங்கை 10 பாகையில் நிலையாக நிறுத்திவிட்டு, ரைமிங் லைற்றைச் சில்லில் அடியுங்கள். சிவப்புக் கோடு குறிக்கு நேரே வரும் வரை மென்பொருளில் உள்ள சில்லுக் கோண எண்ணை மாற்றுங்கள். திரையில் 10 என்று எழுதியிருப்பது சாட்சி அல்ல, அது கொன்ட்ரோலரின் நம்பிக்கை மட்டும். கிராங்க் சென்சர் மட்டும் இருப்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தீப்பொறி வரும், இரண்டில் ஒன்று வெளியேற்றும் அடிப்பில் சும்மா போகும், அதில் பாதகமில்லை. ஆனால் முன்னேற்றத்தைத் திருகி வைக்கிற டிஜிற்றல் லைற்றுகள் இதில் குழம்பும். சும்மா மின்னுகிற லைற்றையே பாவியுங்கள், லைற்றில் திருகுகிற குமிழ் இருந்தால் அதைப் பூச்சியத்தில் வையுங்கள்.

ஒத்திசைவு இழப்பு எண்ணிக்கை, அதாவது கொன்ட்ரோலர் பல்லின் கணக்கைத் தவறவிட்ட தடவைகள், பூச்சியத்திலேயே நிற்க வேண்டும். ஏறினால் மேலே போகாதீர்கள், இடைவெளியையும் உறையையும் பூமியையும் திரும்பப் பாருங்கள்.

சரி, இப்போது பிளக்கைப் பூட்டி, கயிற்று மூடியைத் திரும்பப் போட்டு, காபரேற்றரில் பெற்றோல் விட்டு இழுங்கள். எஞ்சின் ஓடும், தீப்பொறி உங்களுடையது. 1500 சுற்றிலும் 3000 சுற்றிலும் கோடு அதே இடத்தில் நிற்கிறதா? வேகத்தோடு நகர்ந்தால் சிக்னல் விளிம்பைப் (ஏறும்போதா, விழும்போதா என்பதை) பிழையாகத் தெரிவு செய்திருக்கிறீர்கள். நின்றால் நிலை ரைமிங்கை எடுத்துவிட்டு அட்டவணை போடலாம்: ஸ்டார்ட்டுக்கு 5 முதல் 8 பாகை, ஐடிலில் 10, வேகம் ஏற ஏற 3000 சுற்றில் 25 அளவுக்கு. ஸ்டார்ட் பாகையைக் கூட்டினால் கயிறு திருப்பி இழுத்து மணிக்கட்டை முறிக்கும்.

10. எரிபொருள் பகுதி

இனித்தான் காபரேற்றரைக் கழற்றலாம். திரொட்டில் பொடிக்கு இடைத்தட்டு ஒன்று அலுமினியத்தில் கடைய வேண்டும், வேகம் மிஞ்சாமல் பிடிக்கிற கவர்னரின் கம்பியைக் கட்டாயம் புதுத் திரொட்டிலோடு சேர்த்து விடுங்கள். இவ்வகை எஞ்சின் 3600 சுற்று அளவுக்குச் செய்தது. மென்பொருளில் 3800இல் தீப்பொறி வெட்டுப் போடுங்கள், ஆனால் அது இரண்டாவது காவல்தான்.

அமுக்கக் குழாய் எப்ஐக்கு உரியதாகவே இருக்க வேண்டும். காபரேற்றர் குழாய் 3 பார் அமுக்கத்தில் முதல் நாள் தாங்கும், பிறகு கிளிப்படியில் கசியும். கொயிலைக் கழற்றி வைத்துவிட்டுப் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் கடதாசியால் துடைத்துப் பாருங்கள்.

மண்ணெண்ணெயில் ஓட்டலாமா என்று இங்கே கட்டாயம் ஒருவர் கேட்பார். குளிர்ந்த குழாயில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சுவர் வழியே இறங்கி எண்ணெயில் கலக்கும், ஒக்ரேனும் குறைவு என்பதால் எஞ்சின் தட்டும். 92 பெற்றோலில் எல்லாம் சீராகட்டும், அது வேறு பரிசோதனை.

11. இன்ஜெக்ரரை அளந்து கணக்குப் போடுதல்

இன்ஜெக்ரரின் தடை 8 ஓமுக்கு மேல் இருந்தால் நேரே கொடுக்கலாம். அதன் பாய்ச்சலை இணையத்தில் தேடி எழுதாமல் அளந்து எடுங்கள். வெளியிடத்தில், தீ இல்லாத இடத்தில், அளவுச் சாடியில் 10 மில்லிசெக்கன் திறப்பு ஆயிரம் தரம், பிறகு 5 மில்லிசெக்கன் ஆயிரம் தரம். முதலாவது 22.5 மில்லிலீற்றர், இரண்டாவது 10 என்று வந்தால், வித்தியாசம் 12.5, அது 5 செக்கனுக்கு உரியது, ஆகவே செக்கனுக்கு 2.5, நிமிடத்துக்கு 150. 10 மில்லிலீற்றர் பாய 4 செக்கன் போதும், நாம் கொடுத்தது 5, மிச்சம் ஆயிரத்தில் பங்கிட ஒரு மில்லிசெக்கன்: இன்ஜெக்ரர் திறக்க வீணாகிற நேரம். இந்த அளவை மண்ணெண்ணெயில் செய்வது ஆபத்துக் குறைவு, பெற்றோலில் பாய்ச்சல் ஏறத்தாழ 4 வீதம் கூட என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

196 சீசீ காற்று ஏறத்தாழ 0.235 கிராம். ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று, ஆகவே 14.7ஆல் பிரித்தால் 0.016 கிராம் பெற்றோல், அது 0.0216 மில்லிலீற்றர், செக்கனுக்கு 2.5 என்ற இன்ஜெக்ரரில் 8.6 மில்லிசெக்கன். ரியூனர்ஸ்ரூடியோ தருகிற எண் இதற்குக் கிட்ட வர வேண்டும். பாதியோ இரண்டு மடங்கோ வந்தால் சிலிண்டர் எண்ணிக்கையோ அடிப்பு வகையோ பிழை. இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை விசிறச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் விசிறினால் ஐடிலில் திறப்பு மிகக் குறுகி, இன்ஜெக்ரர் சீராக வேலை செய்யாத எல்லைக்குள் விழும்.

வீணாகிற நேரம் பற்றரியோடு மாறும். இந்த எஞ்சின் பற்றரியைச் சார்ஜ் பண்ணுவதில்லை, பின்னேரம் வரை ஓட்டினால் வோல்ற் இறங்கும், இன்ஜெக்ரர் பிந்தித் திறக்கும், பெற்றோல் குறைந்து கலவை மெலியும், காலையில் போட்ட அட்டவணை பிழை என்று நினைத்து எல்லாவற்றையும் கலைப்பார்கள். சார்ஜரைத் தொடுத்தே வையுங்கள்.

12. முதல் ஓட்டமும் ரியூனும்

விஇ அட்டவணை முழுவதும் கொஞ்சம் கூடுதலாக நிரப்பித் தொடங்குங்கள். ஐடிலில் 13.5, முழுச்சுமையில் 12.5 முதல் 13 என்று காற்று-பெற்றோல் விகிதத்தைப் பிடியுங்கள், காற்றால் குளிர்கிற எஞ்சின் மெல்லிய கலவையில் சூடேறி இறுகிவிடும்.

வைட்பாண்ட் சென்சரை வால்வு வாயிலிருந்து அரை மீற்றருக்கு அப்பால் வைத்து, அதற்குப் பிறகும் ஒரு அடிக்கு மேல் குழாய் விடுங்கள். குட்டைக் குழாயில் ஒவ்வொரு அடிப்புக்கும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு மெல்லிசு என்று காட்டும். சூடாக்கி வேலை செய்யாமல் சென்சரைப் புகையில் விடாதீர்கள், கரி பிடித்துச் செத்துவிடும்.

தீப்பற்றாமல் தவறுகிற அடிப்பும் மெல்லிசாகத்தான் தெரியும், எரியாத ஒட்சிசன் அப்படியே வெளியே வருவதால். அதைப் பார்த்துப் பெற்றோலைக் கூட்டினால் பிளக் நனையும், இன்னும் தவறும், இன்னும் மெல்லிசு காட்டும். எஞ்சின் விக்கிக்கொண்டு மெல்லிசு காட்டினால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், ஈரமா இல்லையா.

ஒரு தடவைக்கு அட்டவணையின் ஒரு பெட்டியை மட்டும் மாற்றுங்கள், பதிவு எடுங்கள், கோப்பைத் திகதியோடு சேமியுங்கள். மத்தியானம் 33 பாகையில் காற்று, விடிய 24 பாகையில் இருப்பதைவிட 3 வீதம் இலேசு. காற்று சென்சர் சூட்டில் ஊறி இருந்தால் அந்த 3 வீதம் அட்டவணைக்குள் புகுந்துவிடும்.

13. சுமை கொடுக்க

டைனமோமீற்றர் தேவையில்லை. பெல்ற்றில் ஒரு தண்ணீர்ப் பம்பை இணைத்து, பீப்பாவிலிருந்து பீப்பாவுக்கே தண்ணீரைச் சுற்றவிடுங்கள், வெளிக்குழாயில் வால்வு ஒன்று. இங்கே எல்லாரும் தலைகீழாக நினைப்பார்கள்: வால்வைப் பூட்டினால் சுமை கூடும் என்று. மையவிலக்குப் பம்பில் தண்ணீர் ஓட ஓடத்தான் சுமை கூடும், பூட்டினால் சுமை குறையும், பம்புக்குள் தண்ணீரும் கொதிக்கத் தொடங்கும். ஆகவே சிறிது திறந்து தொடங்கி, திறந்துகொண்டே போய், ஒவ்வொரு நிலையிலும் விகிதம் அமர்ந்த பிறகு பெட்டியை மாற்றுங்கள்.

14. கடைசியாகக் குளிர் ஸ்டார்ட்டும் முடுக்கமும்

சூடான எஞ்சினில் அட்டவணை முழுவதும் அமர்ந்த பிறகுதான் இவை. அடிப்படை பிழையாக இருக்கும்போது முடுக்கத்துக்குப் பெற்றோல் சேர்த்தால் அந்தப் பிழையை மூடி மறைப்பீர்கள். திரொட்டிலைப் படக்கென்று திறக்கும்போது விக்கினால் கொஞ்சம் கூட்டுங்கள், கரும்புகை தள்ளினால் குறையுங்கள்.

குளிர் ஸ்டார்ட்டுக்கு அவசரம் உதவாது, ஒரு நாளைக்கு ஒரு வாய்ப்புத்தான், அதுவும் விடியப்புறம். ஒரு எண்ணை மாற்றி, ஒரு தரம் இழுத்து, பதிவைச் சேமித்துவிட்டு அடுத்த நாள் விடியும் வரை அந்தப் பெட்டியைத் தொடாமல் விடுங்கள். மத்தியானம் ஆறினதாகத் தோன்றுகிற எஞ்சினின் எண்ணெய் இன்னும் சூடுதான், அதில் எடுக்கிற எண் மறுநாள் காலை செல்லாது.